கயிற்றின் இரு முனைகள்

1935ஆம் ஆண்டு ஃப்ளோரிடாவின் ஃபோர்ட் லாடர்டேல் கரைக்கு அப்பால் ஒரு தாய்த் திமிங்கிலமும் குட்டியும் போய்க்கொண்டிருந்தன. மீன்பிடிக்கப் போன சிலர் அவற்றைக் கண்டு துரத்தினார்கள். குட்டியைக் கொன்று முடிக்க அவர்களுக்குப் பல மணி நேரம் பிடித்தது. அவ்வளவு நேரமும் தாய் பக்கத்திலேயே சுற்றி வந்தது. அங்கே எடுத்த படங்கள் செய்தித்தாளில் வெளியாயின. அவை வட அட்லாண்டிக் ரைட் திமிங்கிலங்கள். ரைட் திமிங்கிலங்களை வேட்டையாடக் கூடாது என்ற சர்வதேச ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்ததும் அதே ஆண்டுதான்.

அந்தத் தாய் பிழைத்துப் போயிற்று. பல ஆண்டுகள் கழித்து, பழைய படங்களையும் புதிய படங்களையும் ஒப்பிட்ட ஆய்வாளர்கள் அதை அடையாளம் கண்டுகொண்டார்கள். அதற்கு அவர்கள் தந்த எண் 1045. 1959இல் ஒருமுறை, எண்பதுகளில், தொண்ணூறுகளில் என்று இடைவெளி விட்டு விட்டு அது கண்ணில் பட்டது. கடைசியாகப் பார்த்தது 1995 ஆகஸ்டில். அப்போது அதற்குக் குறைந்தது 70 வயது இருக்கும். தலையில் பெரிய வெட்டுக்காயம், கப்பல் மோதியதால் வந்தது. அதற்குப் பிறகு யாரும் அதைப் பார்க்கவில்லை.

ஒரே உயிரின் மேல் விழுந்த இந்த இரண்டு காயங்களையும் நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். முதலாவதைச் செய்தவர்கள் தெரிந்தே செய்தார்கள். அவர்களை ஒரு சட்டத்தால் தடுக்க முடிந்தது. இரண்டாவதைச் செய்த கப்பலில் இருந்தவர்களுக்கு அப்படி ஒன்று நடந்ததே தெரியாமல் போயிருக்கக்கூடும். அவர்கள் யாருக்கோ சரக்கு கொண்டுபோய்க்கொண்டிருந்தார்கள். இன்று திமிங்கிலங்கள் பெரும்பாலும் சாவது இந்த இரண்டாவது வகையில்தான்: யாருடைய விருப்பமும் இல்லாமல், அன்றாட வேலைகளின் ஓரத்தில். சாதாரண மனிதர்கள் என்ன செய்ய முடியும் என்ற கேள்வியையும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. நம்முடைய வேலை எந்த இடத்தில் அவற்றின் உடம்பைத் தொடுகிறது?

ரைட் திமிங்கிலம் மெதுவாக நீந்தும், கரையை ஒட்டியே வாழும், கொல்லப்பட்டால் மூழ்காமல் மிதக்கும். வேட்டைக்காரர்களுக்கு இதைவிட வசதியான விலங்கு கிடையாது. பல நூற்றாண்டுகள் கொன்று, இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோது வட அட்லாண்டிக்கில் மிகச் சிலவற்றையே மிச்சம் வைத்தார்கள். வேட்டை நின்ற பிறகு மெல்ல மெல்லப் பெருகி 2010 வாக்கில் 480ஐ எட்டின. அதன் பிறகு சரிவு. இப்போது ஏறத்தாழ 380. குட்டி ஈனும் பெண் திமிங்கிலங்கள் 70 அளவில்தான். சுமார் பத்து வயதில் முதல் குட்டி, ஓராண்டுக் கர்ப்பம், பிறகு மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒன்று என்பது பழைய கணக்கு. காயமும் பசியும் அந்த இடைவெளியை இப்போது ஆறு முதல் பத்து ஆண்டுகள் வரை நீட்டிவிட்டன.

இவற்றை ஒவ்வொன்றாகத் தெரியும் என்பதுதான் இந்த இனத்தின் தனித்தன்மை. தலையில் தடித்துப்போன தோல் திட்டுகள் இருக்கும். அவற்றில் வெளிர்நிறச் சிற்றுயிர்கள் குடியேறியிருப்பதால் தொலைவிலிருந்தே வெள்ளையாகத் தெரியும். அந்த அமைப்பு ஒன்றுக்கு இருப்பதுபோல் இன்னொன்றுக்கு இராது. பாஸ்டனில் உள்ள நியூ இங்கிலாந்து அக்வேரியம் பல பத்தாண்டுகளாக இதன் படப் பதிவேட்டைப் பராமரிக்கிறது. எது எப்போது பிறந்தது, தாய் யார், எந்தக் கயிறு எங்கே வெட்டிய தழும்பு எல்லாம் அதில் உண்டு. ஆய்வுக் கப்பல்களும் விமானங்களும் எடுத்த படங்களோடு, சுற்றுலாப் படகுக்காரர்களும் மீனவர்களும் கரையோரவாசிகளும் அனுப்பியவையும் சேர்ந்ததுதான் அந்தப் பதிவேடு. 1935இல் கொலையைக் கொண்டாட எடுத்த படமும் அதற்குள் ஒரு சாட்சியாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

அந்தப் பதிவேட்டில் உள்ளவற்றில் ஐந்தில் நான்குக்கும் மேற்பட்டவை வாழ்நாளில் ஒருமுறையாவது கயிற்றில் சிக்கியவை. கனடாவிலும் அமெரிக்காவின் வடகிழக்கிலும் சிங்கி இறாலும் பனி நண்டும் பிடிப்பதற்குக் கூண்டுகளைக் கடலடியில் இறக்குவார்கள். கூண்டிலிருந்து மேலே மிதவை வரைக்கும் ஒரு கயிறு செங்குத்தாக நிற்கும். இப்படிப்பட்ட கயிறுகள் லட்சக்கணக்கில். அரிசி மணி அளவுள்ள இரையை வாய் திறந்தபடியே நீந்தி வடிகட்டித் தின்னும் திமிங்கிலம் அந்தக் கயிற்றுக்குள் போய் விழுகிறது. மிரண்டு உடம்பைத் திருப்புகிறது. கயிறு வாயில், துடுப்பில், வாலில் சுற்றிக்கொள்கிறது. சில உடனே மூழ்கிச் சாகும். மற்றவை மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் கூண்டுகளையும் கயிற்றையும் இழுத்துக்கொண்டே நீந்தும். கயிறு தோலை அறுத்து, கொழுப்பை அறுத்து, எலும்பில் போய் உட்காரும்.

‘ஸ்னோ கோன்’ என்று பெயர் பெற்ற பெண் திமிங்கிலத்தின் முதல் குட்டி 2020 ஜூனில் நியூ ஜெர்சிக்கு அருகே கப்பலில் அடிபட்டுச் செத்தது. அடுத்த ஆண்டு ஸ்னோ கோன் கயிற்றில் சிக்கியது. அந்தக் கயிற்றை இழுத்துக்கொண்டே 2021 டிசம்பரில் ஜார்ஜியா கடற்கரைக்கு வந்து இன்னொரு குட்டியை ஈன்றது. 2022 செப்டம்பரில் நாண்டக்கெட் தீவுக்குத் தெற்கே அதைப் பார்த்தபோது உடல் மெலிந்து, மேலும் புதிய கயிறு சுற்றியிருந்தது. குட்டி அதனுடன் இல்லை.

ஜோ ஹவ்லட்டைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். கனடாவின் கேம்போபெல்லோ தீவைச் சேர்ந்தவர், சிங்கி இறால் மீனவர். 2002இல் மக்கி கிரீன் என்பவரோடு சேர்ந்து கயிற்றில் சிக்கிய திமிங்கிலங்களை விடுவிக்க ஒரு குழுவைத் தொடங்கினார். அந்த வேலைக்கான முறை, 1984இல் மாசசூசெட்ஸில் ‘ஐபிஸ்’ என்ற கூனல் திமிங்கிலத்தை விடுவித்தபோது உருவானது. பழைய வேட்டைக்காரர்கள் திமிங்கிலத்தில் மிதவைகளைக் கட்டி அதைக் களைப்படைய வைத்துக் கொல்வார்கள். அதே வித்தையை எடுத்து, சிக்கிய கயிற்றில் மிதவைகளைக் கட்டி, திமிங்கிலம் ஆழத்துக்குப் போகாமல் களைத்து நிற்கும்போது, நீண்ட கழியின் நுனியில் பொருத்திய வளைந்த கத்தியால் கயிற்றை அறுப்பார்கள். யாரும் தண்ணீரில் இறங்குவதில்லை. சின்னப் படகு, எழுபது டன் வரை எடையுள்ள மிரண்ட உயிர், எந்தக் கயிறு எதனோடு முறுக்கியிருக்கிறது என்பதைச் சில நொடிகளில் கணிக்கும் கண். இந்தக் கண் வாழ்நாள் முழுக்கக் கயிற்றோடு புழங்கியவனுக்கு வாய்ப்பது.

2017 கோடை கொடுமையானதாக இருந்தது. கடல் சூடேறியதால் இரை இடம் மாற, இரையைத் தேடித் திமிங்கிலங்கள் செயின்ட் லாரன்ஸ் வளைகுடாவுக்குப் போய்ச் சேர்ந்தன. அங்கே அவற்றுக்கென்று எந்தப் பாதுகாப்பும் அப்போது இல்லை. அந்த ஓராண்டில் மட்டும் கனடாவில் 12, அமெரிக்காவில் 5 என்று 17 திமிங்கிலங்கள் மாண்டன. ஜூலை 10 அன்று, நியூ பிரன்ஸ்விக் கரைக்கு அப்பால், 4123 என்ற எண்ணுள்ள திமிங்கிலத்தின் கடைசிக் கயிற்றை ஹவ்லட் அறுத்தார். விடுபட்ட வேகத்தில் அது உதறியபோது அடிபட்டு அங்கேயே இறந்தார். அவருக்கு வயது 59. மீட்புப் பணியை அரசுகள் சிறிது காலம் நிறுத்தி வைத்தன. மறு ஆண்டே அவருடைய குழுவினர் மீண்டும் கடலுக்குப் போனார்கள்.

அவரும் கயிற்றைக் கடலில் இறக்கிப் பிழைத்தவர்தான். தான் செய்யும் தொழிலிலிருந்து பிறக்கும் தீங்கைத் தன் கையாலேயே அறுக்கப் போனவர். சூழலைப் பற்றிப் பேசும்போது நாம் ஆட்களை எளிதாக இரண்டு வரிசையில் நிறுத்திவிடுகிறோம், கெடுப்பவர்கள் ஒரு பக்கம், காப்பவர்கள் மறுபக்கம் என்று. ஹவ்லட்டை எந்த வரிசையிலும் நிறுத்த முடியாது. கயிற்றின் இரண்டு முனைகளையும் பிடித்தவர் அவர். தீங்கோடு நமக்கும் தொடர்பு உண்டு என்று தெரிந்தவுடன் கூனிக் குறுகி ஒதுங்கிவிடுவதே வழக்கம். அந்தத் தொடர்பில்தான் உதவும் திறமையும் இருக்கிறது என்பதை எனக்குக் காட்டியவர் அவர்தான்.

மறுபுறம், 2022 செப்டம்பரில் கலிஃபோர்னியாவின் மான்டரே பே அக்வேரியம் நடத்தும் ‘சீஃபுட் வாட்ச்’ திட்டம் அமெரிக்கச் சிங்கி இறாலைத் தவிர்க்க வேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்தது. சில கடைகள் அதை வாங்குவதை நிறுத்தின. மெய்ன் மாநில மீனவர்கள் கொதித்துப்போனார்கள். எங்கள் கயிற்றால் ஒரு ரைட் திமிங்கிலம் செத்தது என்று இதுவரை யாரும் நிரூபித்ததில்லையே என்று கேட்டார்கள். அப்போது அது உண்மையாகத்தான் இருந்தது. கிடைத்த கயிறு யாருடையது என்று கண்டுபிடிக்க முடியாத காலம் நெடுநாள் நீடித்ததும் அதற்கு ஒரு காரணம். 2020 முதல் மெய்ன் மீனவர்கள் தங்கள் கயிற்றில் ஊதா நிற அடையாளம் வைக்க வேண்டும் என்று விதி வந்தது. 2024 ஜனவரி இறுதியில் மார்த்தாஸ் வின்யர்ட் தீவில் மூன்று வயதுப் பெண் திமிங்கிலமொன்று செத்து ஒதுங்கியது. வாலைச் சுற்றி ஆழப் பதிந்திருந்த கயிற்றில் ஊதா அடையாளம் இருந்தது.

சாப்பிடுபவர்கள் தட்டிலிருந்து ஒன்றை விலக்குவது தவறு என்று சொல்ல மாட்டேன். அந்த அழுத்தத்துக்கு ஒரு பங்கு உண்டு. 2017 சாவுகளுக்குப் பிறகு செயின்ட் லாரன்ஸ் வளைகுடாவின் பனி நண்டுத் தொழில் தன் சர்வதேசச் சான்றிதழை இழந்தபோதுதான் பலர் விழித்துக்கொண்டார்கள். ஆனால், தொலைவிலிருந்து ஒன்றை ஒதுக்கிவிட்டு, தன் கடமை தீர்ந்தது என்று திரும்பிக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. மீனவர் வேறு கயிறு வாங்கக் காசு எங்கிருந்து வரும்? திமிங்கிலம் அறுத்துக்கொள்ளும்படி சுமார் 770 கிலோ இழுவையில் அறுபடும் மென்கயிறு ஒரு வழி. இன்னொன்று, மேலே கயிறே நிற்காத கூண்டு. கூண்டோடு சேர்ந்து கயிற்றுச் சுருளோ காற்றுப்பையோ அடியில் கிடக்கும். மீனவர் படகிலிருந்து ஒலிச் சமிக்ஞை அனுப்பினால் அது மேலெழும்பும். விலை ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கான டாலர். அதனால் அமெரிக்க அரசின் மீன்வள ஆய்வு மையமும், கனடாவின் ஹாலிஃபாக்ஸில் ஒரு தொண்டு அமைப்பும் இக்கருவிகளை நூலகத்தில் புத்தகம் தருவதுபோல மீனவர்களுக்குக் கடனாகத் தருகின்றன. திமிங்கிலம் தென்பட்டதால் மூடப்பட்ட கடல் பகுதிகளில் இந்தக் கூண்டுகளோடு போய்ப் பனி நண்டு பிடித்துவரும் மீனவர்கள் இருக்கிறார்கள். பழகிய வேலையை மாற்றி, நேரத்தை இழந்து, பக்கத்துப் படகுக்காரரின் கேலியையும் பொறுத்துக்கொள்ளும் அவர்களுடைய நண்டை யாராவது தேடி வாங்கினால் அது உண்மையான உதவி.

கப்பல்களின் கதை வேறு. 2004இல் ‘ஸ்டம்பி’ என்ற பெண் திமிங்கிலம் வர்ஜீனியாவுக்கு அருகே கப்பல் மோதிச் செத்தது. வயிற்றில் நிறைமாதக் குட்டி. அதன் எலும்புக்கூடு இன்று வட கரோலினாவின் இயற்கை அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உடைந்த தாடையெலும்பு, எவ்வளவு வேகத்தில் மோதினால் என்ன ஆகும் என்று கணக்கிட உதவியது. 2008 டிசம்பரில் அமெரிக்கா ஒரு விதி கொண்டுவந்தது: 65 அடிக்கு மேற்பட்ட கப்பல்கள், குறிப்பிட்ட இடங்களில், குறிப்பிட்ட மாதங்களில் 10 நாட் வேகத்தைத் தாண்டக் கூடாது. மணிக்குச் சுமார் 18 கிலோமீட்டர். இவ்வளவு எளிய வைத்தியத்துக்கு இத்தனை சாவுகள் தேவைப்பட்டன என்பதை நினைத்தால் மனம் பொறுப்பதில்லை.

அதற்கு முன்பே, 2003இல், கனடாவின் ஃபண்டி வளைகுடாவில் கப்பல் பாதையையே நகர்த்தினார்கள். மொய்ரா பிரவுன் என்ற ஆய்வாளர் திமிங்கிலங்கள் கூடும் இடத்தின் நடுவே பாதை போவதை வரைபடத்தில் காட்டி ஆண்டுக்கணக்கில் பேசினார். அந்தப் பாதையை அதிகம் பயன்படுத்திய இர்விங் எண்ணெய் நிறுவனம் அவருக்குத் துணை நின்றது. அழிவின் விளிம்பில் உள்ள ஒரு திமிங்கில இனத்துக்காகச் சர்வதேசக் கடல்சார் அமைப்பு கப்பல் பாதையை மாற்றியது அதுவே முதல்முறை.

அதே வளைகுடாவில் யாரும் திட்டமிடாத ஒரு சோதனையும் நடந்தது. 2001 செப்டம்பர் 11க்குப் பிறகு சில நாட்கள் கப்பல் போக்குவரத்து வெகுவாகக் குறைந்தது. அந்த நாட்களிலும் கடலுக்குப் போன இரண்டு ஆய்வுக் குழுக்களில் ஒன்று தண்ணீருக்குள் ஒலியைப் பதிவு செய்துகொண்டிருந்தது. இன்னொன்று ரோசலின்ட் ரோலண்டின் குழு. அவர்கள் திமிங்கிலத்தின் எச்சத்தைச் சேகரித்து அதிலுள்ள மன அழுத்த ஹார்மோன்களை அளப்பவர்கள். (பின்னாளில் எச்சம் மிதக்கும் இடத்தை மோப்பம் பிடிக்க நாய்களைப் படகில் கூட்டிப்போனார்கள். ஃபார்கோ என்ற ராட்வைலர் அவற்றில் ஒன்று.) இரண்டு பதிவுகளையும் சேர்த்துப் பார்த்து 2012இல் வெளியிட்டார்கள். இரைச்சல் 6 டெசிபல் குறைந்திருந்தது. திமிங்கிலங்களின் மன அழுத்த ஹார்மோனும் குறைந்திருந்தது. கோயில் கொடைக்கு ஒலிபெருக்கி கட்டிய தெருவில் மின்சாரம் நின்ற ஒரு நிமிடத்தில், இத்தனை நேரம் நம் தோள் இறுகியிருந்ததே என்று நமக்குத் தெரியவருமே, அப்படி. அவற்றுக்கு அந்த இறுக்கம் பிறந்ததிலிருந்து உண்டு.

இனி ஃப்ளோரிடா. குட்டி ஈனுவதற்காகத் திமிங்கிலங்கள் வருவது அங்கேயும் ஜார்ஜியாவுக்கும். குளிர்கால மாதங்களில் மரைன்லேண்ட் பகுதிக் கடற்கரையில் தன்னார்வலர்கள் முறைவைத்து நின்று கடலைப் பார்க்கிறார்கள். பலர் பணி ஓய்வு பெற்றவர்கள். கடலோர அடுக்குமாடிகளில் வசிப்பவர்கள் பால்கனியிலிருந்து பார்க்கிறார்கள். கறுத்த முதுகு, பிளவுபட்ட மூச்சுப் பீச்சு, முதுகுத்துடுப்பு இல்லை என்று உறுதியானால் தொலைபேசியில் அழைக்கிறார்கள். ஆய்வாளர்கள் வந்து படமெடுக்கிறார்கள். செய்தி அந்தப் பக்கம் போகும் கப்பல்களுக்குப் போகிறது. பெரும்பாலான நாட்களில் எதுவும் தென்படாது. ஒன்றும் இல்லாத கடலை மணிக்கணக்கில் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய், மறுநாள் திரும்பி வருவது எனக்கு மிகப் பெரிய காரியமாகப் படுகிறது. உயிரியல் படிக்காத, படகு இல்லாத, பணமும் இல்லாத ஒருவர் ஒரு தாய்க்கும் குட்டிக்கும் மேல் கப்பல் ஏறாமல் தடுக்க அது ஒரு வழி.

ஆனாலும் பார்ப்பதோடு முடியாது. 65 அடிக்கும் சிறிய படகுகள்கூடக் குட்டிகளைக் கொல்கின்றன என்று தெரிந்தபின், வேக விதியை 35 அடியும் அதற்கு மேலும் உள்ளவற்றுக்கு விரிக்க 2022இல் அமெரிக்க அரசு முன்மொழிந்தது. பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம் என்றதும் பல்லாயிரம் பேர் எழுதினார்கள், ஆதரித்தும் எதிர்த்தும். உல்லாசப் படகுக்காரர்களும் துறைமுக வழிகாட்டிகளும் கடுமையாக எதிர்த்தார்கள். 2025 ஜனவரியில் அரசு அந்த முன்மொழிவைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. இந்தத் தோல்வியை மறைத்துவிட்டு நம்பிக்கை மட்டும் பேசினால் அது நேர்மையாகாது. தனிமனித நல்லெண்ணம் சட்டமாக மாறாத இடத்தில் ஒவ்வொரு படகுக்காரரின் மனசாட்சியை நம்பியே குட்டிகள் வாழ வேண்டியிருக்கிறது.

இவ்வளவும் அட்லாண்டிக்கின் மறுகோடியில் நடப்பவை. நமக்குப் பக்கத்திலும் ஒரு கப்பல் பாதை இருக்கிறது. சூயஸிலிருந்து சிங்கப்பூர் பக்கம் போகும் சரக்குக் கப்பல்கள் இலங்கையின் தென்முனையை ஒட்டிச் செல்கின்றன. உலகின் நெரிசல் மிகுந்த கடல்வழிகளில் ஒன்று. அதே தண்ணீரில் நீலத் திமிங்கிலங்கள் மேய்கின்றன. மற்ற இடங்களில் இவை பருவத்துக்குப் பருவம் துருவம் நோக்கிப் போகும். இங்கே வெப்பக் கடலைவிட்டு அகலாதவை உண்டு என்பதைக் கடல் உயிரியலாளர் ஆஷா டி வோஸ் 2003இலிருந்து தொடர்ந்து பார்த்துச் சொன்னார். 2012இல் கொழும்புத் துறைமுகத்துக்கு வந்த ஒரு கப்பலின் முகப்பில் நீலத் திமிங்கிலத்தின் உடல் மாட்டிக் கிடந்தது. பத்து ஆண்டுகளுக்குப் பிறகு, 2022இல், எம்எஸ்சி கப்பல் நிறுவனம் தன் கப்பல்களைச் சுமார் 15 கடல் மைல் தெற்கே தள்ளி ஓட்டத் தானாகவே முன்வந்தது. நம் வீட்டில் இருக்கும் பொருட்களில் எத்தனை அந்தத் தண்ணீரைக் கடந்து வந்தவை என்று யாருக்கும் தெரியாது. கடந்து வந்தவை இருக்கின்றன என்பது மட்டும் நிச்சயம். கப்பல் வழி பேசிப் பொருள் வரவழைக்கும் வணிகர்களும், சரக்கு அனுப்பும் முகவர்களும் நம்மிடையே நிறையப் பேர். எந்த நிறுவனம் தெற்கே விலகிப் போகிறது என்று அவர்கள் ஒருமுறை கேட்பது, நான் எழுதும் பத்துக் கட்டுரைகளைவிடப் பலன் தரும்.

நம் கரையிலும் கைகள் இருக்கின்றன. 2016 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டத்தில் மணப்பாட்டை ஒட்டிய கடற்கரையில் 80க்கும் மேற்பட்ட பைலட் திமிங்கிலங்கள் கூட்டமாகக் கரையேறின. அவை அருகிவரும் இனமில்லை. ஆனாலும் மீனவர்கள் இரவும் பகலும் தள்ளியும் படகில் கட்டி இழுத்தும் கடலில் விட்டார்கள். சில மீண்டும் கரைக்கே வந்தன. 40க்கும் மேற்பட்டவை இறந்தன. அப்படி ஒன்று நேரும்போது வால் பிடித்து இழுக்கக் கூடாது, தலைமேல் உள்ள மூச்சுத்துளைக்குள் தண்ணீரும் மணலும் போகக் கூடாது, தோல் காயாமல் ஈரத்துணி போட வேண்டும், கூட்டத்தை விலக்கி வனத்துறைக்கும் கால்நடை மருத்துவருக்கும் சொல்ல வேண்டும். கடற்கரை ஊர்ப் பள்ளிகளில் இதைச் சொல்லித்தர ஒரு வகுப்பு நேரம் போதும்.

திமிங்கிலம் பார்க்க இலங்கையின் தென்கரையிலுள்ள மிரிஸ்ஸவுக்குப் போகும் தமிழர்கள் இப்போது அதிகம். அங்கே படகுகள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு திமிங்கிலத்தைத் துரத்துவது உண்டு. துரத்தும் படகுக்காரர் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. காசு கொடுத்தவர் வால் பார்க்காமல் திரும்பினால் திட்டுவார் என்ற பயம் அவருக்கு. கடலைப் பற்றி நமக்குத் தெரிந்ததைவிட அவருக்குத் தெரிந்தது பல மடங்கு. படகு ஏறும் முன்பு, உரிமம் உண்டா, நூறு மீட்டர் தள்ளி நிற்பீர்களா, ஒன்றின் பின்னால் ஒரே சமயத்தில் எத்தனை படகு போவீர்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். எடுத்த படத்தில் வாலோ முதுகோ தெளிவாக இருந்தால், உலகெங்கும் பயணிகள் அனுப்பும் படங்களைக் கொண்டு திமிங்கிலங்களை அடையாளம் காணும் ‘ஹேப்பிவேல்’ தளத்துக்கு இடமும் தேதியும் சேர்த்து அனுப்புங்கள். தள்ளி நின்றதால் இன்று எதுவும் தெரியாமல் போனாலும் பேசிய காசை முழுதாகத் தருவோம் என்று, படகு கரையை விடும் முன்பே படகுக்காரரிடம் சொல்லிவிடுங்கள்.